வெளி மாநிலத்தில் வபாத்தானவர் விட்டுச்சென்ற சொத்து

நம் சங்கத்து அங்கத்தினர்களில் அநேகர் ஓர் ஊரில் வீடும், வேறோர் ஊரில் கடையும், மற்றோர் ஊரில் துண்டு நிலமுமாக வாழ்கிறவர்கள். சரக்குப் பிடிக்க ஒரு மாநிலம், பாக்கி வசூலிக்க ஒரு மாநிலம் என்று அலைவது நம் தொழிலோடு கூடவே பிறந்தது. ஆகையால் மவுத்து எந்த ஊரில் வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனாஸாவை அடக்கி, மூன்றாம் நாள் ஓதி முடித்ததும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி, "எந்த ஊர் ஆபீசுக்குப் போக வேண்டும்?" என்பதே. சென்ற ஆண்டு மட்டும் மூன்று குடும்பத்தார் நம் கடைக்கே வந்து இதைக் கேட்டனர். நாம் வக்கீல் அல்லர், துணிக்கடை வைத்திருப்பவர். எனினும் நம் சொந்தக் குடும்பத்தில் இக்காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை நடத்திப் பார்த்திருப்பதால், அறிந்ததை அறிந்த அளவில் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைக்க வேண்டும். ஒருவர் எங்கே இறந்தார் என்பதற்கும், அவர் சொத்தை எங்கே பங்கிடுவது என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. இறந்த ஊரில் நமக்கு ஆக வேண்டியவை அடக்கம் செய்யும் அனுமதியும், மரணப் பதிவும், மரணச் சான்றிதழும்தான். அவற்றைக் கையில் வாங்கியபின் அவ்வூரில் வேலையில்லை. அதற்குமேல் வழியைத் தீர்மானிப்பவை இரண்டு: மர்ஹூம் எதை விட்டுச் சென்றார், அது எங்கே கிடக்கிறது.

நம்மவர்க்கு வரும் இரண்டாவது குழப்பம், கோர்ட்டுகள் இரண்டு என்பது. மலேசியாவில் இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. ஷரீஅத் நீதிமன்றமும் மாநிலத்திற்கு மாநிலம் தனி. இறந்தவரின் சொத்தை எடுத்து நிர்வகிக்க அதிகாரம் கொடுப்பதோ மத்திய சட்டம். எனவே இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று சொல்வது ஷரீஅத்து. வங்கியிலும் நில அலுவலகத்திலும் அதை எடுக்கக் கை கொடுப்பது அரசாங்கம். பராயிள் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் பணம் கொடுக்க மாட்டார்கள். நிர்வாக அதிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பராயிளை ஒதுக்கிவைத்தால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல நேரும். இரண்டும் வேண்டும்.

அந்த அதிகாரப் பத்திரத்திற்கு, மர்ஹூம் வஸிய்யத் எழுதி வஸியை நியமித்திருந்தால் 'புரோபேட்' என்றும், இல்லாவிடில் 'லெட்டர் ஆப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்றும் பெயர். இரண்டையும் இங்கே நிர்வாகப் பத்திரம் என்றே சொல்வோம்.

தீபகற்ப மலேசியாவில் வழி மூன்று. வீடோ நிலமோ இருந்து, எல்லாச் சொத்தும் சேர்ந்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் அது 'சிறு சொத்து'. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, நில இலாகாவைச் சேர்ந்த சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். இந்த உச்சவரம்பு முன்பு 6 லட்சமாக இருந்து, 2009-இல் 20 லட்சமாகி, 2024 ஜூலையில் 50 லட்சமாயிற்று. ஆகவே நம்மவரில் பெரும்பாலோர் இந்த வழியிலேயே அடங்கிவிடுவர். பழைய கணக்கை நினைத்துக்கொண்டு வீணாக வக்கீல் செலவு செய்கிறவர் இன்னும் இருக்கின்றனர். நிலம் வீடு ஒன்றுமில்லாமல் ரொக்கம், வாகனம், பங்குப் பத்திரம் போன்றவை மட்டும் இருந்து, 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் அமானா ராயாவிடம் போகலாம், கோர்ட்டு வேண்டியதில்லை. மற்றவை உயர்நீதிமன்றம். அங்கே வஸிய்யத் இல்லாத சொத்துக்குப் பொதுவாக இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் விலக்கு அளிப்பதும் உண்டு. சபாவிலும் சரவாக்கிலும் வேறு சட்டங்கள். அங்கே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் அவ்வூரில் விசாரித்துக்கொள்ளவும்.

இனி நம் குடும்பத்தில் நடந்ததைச் சொல்வோம். எங்கள் சாச்சா ஈப்போவில் குடியிருந்தார். வீடு அங்கே சொந்தம், கடை வாடகை. கெடா மாநிலத்துக் கூலிமில் முன்னாளில் வாங்கிப் போட்ட ஒரு நிலமும் இருந்தது. பாத்தேக் துணி எடுக்கக் கோத்தா பாரு சென்றிருந்தபோது நெஞ்சுவலி வந்து அங்கேயே வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாம் பினாங்கில். இறந்த ஊர் கிளந்தானில், வீடு பேராக்கில், நிலம் கெடாவில், காரியம் பார்க்க வேண்டிய நாம் பினாங்கில் என்று நான்கு மாநிலம் ஆயிற்று. "கிளந்தானில் இறந்தவருக்குக் கிளந்தானில்தான் மனு" என்று ஒருவர் சொன்னார். "நிலம் வேறு மாநிலம், ஆகையால் இரண்டு மனு" என்றார் மற்றொருவர். இரண்டும் சரியன்று. நிலங்கள் பல மாவட்டங்களில் இருந்தால், மதிப்பில் அதிகமானது எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஒரே மனு போதும். ஈப்போ வீடே விலை கூடியதால் மனு ஈப்போவுக்குப் போயிற்று; கூலிம் நிலமும் அதே மனுவில் அடங்கியது.

மனுவோடு வைக்க வேண்டியவை மரணச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை, நிக்காஹ் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், கெரான் நகல், நிலவரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாகனக் கார்டு. கேட்க எளிது. நம்மவர்க்கு உயிரை வாங்குவது இவற்றிலுள்ள பெயர்தான். அடையாள அட்டையில் 'முகம்மது', நிக்காஹ் பத்திரத்தில் 'முஹம்மத்', கெரானில் 'மொகமட்' என்று எழுத்து மாறியிருக்கும். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் 'பின்' போட்டும், வேறிடத்தில் முதலெழுத்தாகவும் நிற்கும். ராவுத்தர், மரைக்காயர் என்ற பட்டம் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. இவரும் அவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கமிஷனர் ஆப் ஓத்ஸ் முன் கையொப்பமிட வேண்டும். இதை ஆபீசர் கேட்கும்போது ஒவ்வொன்றாக எழுதாமல், எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயர் எத்தனை விதமாக இருக்கிறதோ அத்தனையையும் ஒரே பிரமாணத்தில் அடக்கிவிட்டால் பாதி அலைச்சல் மீதமாகும். உயிரோடிருப்பவர்கள் தங்கள் பத்திரங்களை இன்றே ஒருமுறை எடுத்துப் பார்த்தாலும் நல்லது.

சாச்சாவின் வாரிசுகள் ஐந்து பேர்: சாச்சி, ஒரு மகன், இரண்டு மகள்கள், இராமநாதபுரம் மாவட்டத்து ஊரில் இருந்த வயது முதிர்ந்த தாயார். சூரத்துன் நிஸாவின் 11, 12-ஆம் வசனங்களின்படி, பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாகப் பிள்ளைகளுக்கு. சொத்தை 96 பங்காக்கினால் சாச்சிக்கு 12, தாயாருக்கு 16, மகனுக்கு 34, மகள் ஒவ்வொருத்திக்கும் 17.

மனுவில் வாரிசுகளின் பெயரை நிரப்பும்போது, "ஊரிலிருக்கும் பெரியம்மாவைச் சேர்த்தால் இந்தியாவிலிருந்து பத்திரம் வரவேண்டும், காலம் நீளும், அவர்களுக்கு இங்கே சொத்து எதற்கு?" என்று உறவினர் ஒருவர் மெல்லச் சொன்னார். இப்படிச் சொல்பவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டோம்; வேலையைச் சுருக்குகிற எண்ணம்தான். ஆனால் பெற்ற தாயின் ஆறில் ஒன்றைச் சுருக்க யாருக்கு அதிகாரம்? அன்றியும் அது அதிகாரியின் முன் பொய்ச் சத்தியமாகும். தாயாரின் பெயர் எழுதப்பட்டது.

காலம் நீளத்தான் செய்தது. சாச்சா இறந்த எட்டாம் மாதம், விசாரணைக்கு நாள் குறிப்பதற்கு முன்னே, தாயாரும் வபாத்தாகிவிட்டார். அப்போது மற்றொரு பேச்சு எழுந்தது: "தாயாரே போய்விட்டார், இனி அந்தப் பங்கு இங்கேயே பிள்ளைகளுக்குத்தானே?" இல்லை. மகன் மவுத்தான நொடியிலேயே அந்த 16 பங்கு தாயாருக்கு உடைமையாகிவிட்டது. பத்திரம் கைக்கு வரவில்லை என்பதால் உடைமை போகாது. தாயார் இறந்தபின் அது தாயாரின் வாரிசுகளுக்குப் போகிறது. அவருக்கு உயிரோடிருந்தவர்கள் நம் வாப்பா, ஊரிலுள்ள சின்னச் சாச்சா, மாமிமார் இருவர். ஆண்மக்கள் உயிரோடிருப்பதால், முன்னே இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டியின் சொத்தில் பங்கில்லை. கணக்கை 288 ஆக்க வேண்டியதாயிற்று. சாச்சிக்கு 36, மகனுக்கு 102, மகள்களுக்கு 51 வீதம். தாயாரின் 48-இல் நம் வாப்பாவுக்கும் சின்னச் சாச்சாவுக்கும் 16 வீதம், மாமிமாருக்கு 8 வீதம். ஐந்து வாரிசு எட்டாயிற்று. மனு செய்யாமலே பத்து, இருபது வருஷம் கிடப்பில் போடும் குடும்பங்களில் இது எங்கே போய் நிற்கும் என்று கணக்குத் தெரிந்தவர் எண்ணிப் பார்க்கலாம். தாத்தா பெயரில் கெரான், பேரப்பிள்ளைகள் நாற்பது பேர், அவர்களில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் என்று கிடக்கும் நிலங்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

ஊரிலிருந்து தாயாரின் மரணச் சான்றிதழும், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும் வந்தன. தமிழில் உள்ளதை மொழிபெயர்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஊரிலிருப்பவர் இங்குள்ள ஒருவருக்குப் பவர் கொடுப்பதானால் அதை நோட்டரி முன்னாலோ, சென்னையிலுள்ள மலேசியத் தூதரகத்திலோ கையொப்பமிட்டு, இங்கே உயர்நீதிமன்றத்தில் பதிய வேண்டும். வெறுங் கடிதம் செல்லாது. விசாரணையில் நம் வாப்பா தம் பங்கைத் தம்பி மகள்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள். பங்கு இன்னது என்று தெரிந்தபின் மனமுவந்து விடுவதற்கு ஷரீஅத்திலும் இடமுண்டு, அதிகாரியும் ஒப்புக்கொள்கிறார். சின்னச் சாச்சா விடவில்லை. அவர் வீட்டில் குமர் இருக்கிறது. அது அவர் ஹக்கு. அதை மதிப்புப் போட்டுப் பணமாகக் கொடுத்தார்கள்.

பங்கு பிரிப்பதற்கு முன் கழிக்க வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். அடக்கச் செலவு, பின் கடன்கள், பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பின்தான் பராயிள். கடன் என்றால் மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது மட்டும் என்று நினைக்கிறோம். மனைவிக்குக் கொடாத மஹர் கடன். நிறைவேற்றாத ஜகாத்தும் அப்படியே. மேலும் இந்நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்தில் மனைவி 'ஹர்த்தா ஸப்பென்சாரியான்' என்று ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு, பராயிளுக்கு முன்பே தன் பாகத்தைக் கேட்கலாம். மலாய்ச் சகோதரிகளுக்கு இது தெரியும். நம் வீட்டுப் பெண்கள், கடையில் முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர்கள்கூட, இதைக் கேட்டதே இல்லை. தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. சாச்சியிடம் நாமே இதை எடுத்துச் சொன்னோம்.

இத்தாவிலிருக்கும் பெண்ணை ஆபீசுக்கு ஆபீசு இழுத்தடிப்பதையும் தவிர்க்க வேண்டும். அந்த நான்கு மாதம் பத்து நாளில் பத்திரங்களைத் திரட்டும் வேலையே நிறைய இருக்கிறது. அவசியக் கையொப்பம் என்றால் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

இனி, நம்மைப் போன்றவர்க்கு முக்கியமானது கடை. வீடும் நிலமும் அசையாமல் கிடக்கும். கடையோ நாளும் அசைகிற பொருள். முதலாளி இறந்த மறுநாளும் சரக்கு வந்து இறங்கும், கடன்காரர் வருவர், சிப்பந்திக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மகன் கல்லாவில் உட்காருகிறான். ஆறு மாதம் கழித்து, எது வாப்பாவின் முதல், எது தன் உழைப்பு என்று அவனுக்கே தெரியாது. தங்கையின் கணவர் கேள்வி கேட்கிறார், சண்டை வருகிறது. இதனால் பிரிந்த குடும்பங்களை நம் வட்டாரத்திலேயே அறிவோம்.

ஆகவே முதல் வாரத்திலேயே வெளியார் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சரக்கை எண்ணி விலை போட வேண்டும். பற்று வரவுப் புத்தகத்தில் அன்றைய தேதியில் கோடு கிழித்து, கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் தனித்தனியே எழுதி எல்லாரும் கையொப்பமிட வேண்டும். அதன் பின் மகன் கடையை நடத்தினால், அவனுக்கு மாதச் சம்பளமா, லாபத்தில் ஒரு பாகமா என்பதை மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டு எழுத்தில் வைக்க வேண்டும். முதல் எல்லாருடையதும் ஆகையால் லாபத்திலும் எல்லாருக்கும் பாத்தியம் உண்டு. உழைப்பு அவனுடையது ஆகையால் அவனை வெறுங்கையோடு விடுவதும் நியாயமன்று. எங்கள் சாச்சா மகன் மாதச் சம்பளம் எழுதிக்கொண்டார். நம் கருத்தில் அதுவே தொல்லை குறைந்தது. தனியொருவர் பெயரில் பதிந்த வியாபாரம் அவரோடு முடிகிறது என்பதால் நிறுவன ஆணையத்திற்குத் தாமதிக்காமல் அறிவிக்கவும். நகராண்மைக் கழக லைசென்சையும் அப்படியே மாற்றவும்.

மர்ஹூமின் வங்கிக் கார்டின் இரகசிய எண் மகனுக்குத் தெரியும் என்பதால் இரவோடிரவாகப் பணத்தை எடுத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அடக்கச் செலவுக்கு என்றுதான் தொடங்கும். அந்தப் பணத்தில் அனாதைப் பிள்ளையின் பங்கும் கிடக்கிறது என்பதை எடுக்கிறவர் எண்ணுவதில்லை. அடக்கச் செலவை யாராவது ஒருவர் கையிலிருந்து செய்து ரசீது வைத்துக்கொண்டால், பின்னர் சொத்திலிருந்து முதலாவதாக எடுத்துக்கொள்ளலாமே.

ஊழியர் சேமநிதியில் நாமினியாக எழுதப்பட்டவர் பணம் முழுவதும் தமக்கே என்று நினைப்பதும் தவறு. முஸ்லிம்களைப் பொறுத்தவரை நாமினி ஒரு வஸியே. வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டியவர். வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் உயர்நீதிமன்ற வழியில் நிர்வாகி ஒருவர் மட்டும் போதாது. இருவராவது வேண்டும், அல்லது டிரஸ்ட் கம்பெனி வேண்டும். பெண்பிள்ளை மட்டும் உள்ளவர் விஷயமும் கவனிக்கத்தக்கது. மனைவி, ஒரே மகள் என்று விட்டுச் சென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்குப் பாதி. மீதி எட்டில் மூன்று மர்ஹூமின் உடன்பிறந்தாருக்குப் போகும். அவர்கள் ஊரில் இருந்தாலும் வாரிசே. அத்தகைய உறவினர் ஒருவரும் இல்லாவிடில் இந்நாட்டில் அது பைத்துல்மாலுக்குச் சேரும். தன் மகளுக்கு அதிகம் சேர வேண்டும் என்று விரும்புகிறவர் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து, கைவசப்படுத்தவும் செய்ய வேண்டும்.

கடைசியாக, எல்லை கடந்த சொத்து. சிங்கப்பூர் வங்கியில் கணக்கு வைத்திருந்த மலேசியருக்கு, இங்கே உயர்நீதிமன்றம் கொடுத்த நிர்வாகப் பத்திரத்தை அந்நாட்டு நீதிமன்றத்தில் மறுமுத்திரை போட்டு வாங்க வேண்டும். சிங்கப்பூரில் குடியிருந்தவர் ஜொகூரில் வீடு வைத்திருந்தால், அங்குள்ள பத்திரத்துக்கு இங்குள்ள உயர்நீதிமன்றம் மறுமுத்திரை போட வேண்டும். சிங்கப்பூர் முஸ்லிம்களுக்குப் பங்கைச் சொல்லும் சான்றிதழை அங்குள்ள ஷரீஅத் நீதிமன்றம் 1966-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி கொடுக்கிறது. இரு நாட்டிலும் சொத்துள்ளவர் நில அலுவலக வழியா, உயர்நீதிமன்ற வழியா என்பதை மனு போடுவதற்கு முன்பே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுவது நலம். பாதியில் வழி மாற்றுவது செலவு.

ஊரிலுள்ள நிலத்துக்கு இங்குள்ள பத்திரம் ஒன்றும் செல்லாது. அங்கேயே வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்ற வேண்டும். அதில் ஒரு விஷயம். 1937-ஆம் ஆண்டு இந்திய ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் சேர்த்தார்கள். ஆகவே வயலில் பெண்மக்களுக்குப் பங்கில்லை என்று ஊரில் யாராவது சொன்னால் அது பழைய வழக்கத்தின் பேச்சு. பட்டா மாற்றும் மனுவில் சகோதரிகளின் பெயரையும் சேர்த்தே எழுதி அனுப்பவும்.